முன்னாடி நாலு செகண்ட்

"படகு கேமராவுல மூணு துண்டா பதிவாகியிருக்கு. ஒண்ணா ஒட்டிக் குடு ரோண்டா. நான் மீனைத் தூக்கிப் பிடிக்கிற இடத்துல ஆரம்பிக்கணும்," என்றான் ட்ரெவர். அன்று மாலை டார்வின் மீன்பிடி கிளப்பில் அந்த மீனுக்காக அவனுக்குக் கோப்பை தருகிறார்கள்.

"கரெக்டா அங்கயே வெட்டணும்னா வீடியோவையே புதுசா உருவாக்கணும். படம் கொஞ்சம் மங்கும்," என்றாள் மனைவி. "இருக்கிறபடியே ஒட்டினா பளிச்சுனு இருக்கும். ஆனா, முன்னாடி நாலு செகண்டும் சேர்ந்து வந்துடும்."

"நாலு செகண்ட்ல என்ன குடியா முழுகிடப் போகுது? ஒரு செதில்கூட மங்கக் கூடாது. நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டிப் பிடிச்ச கொடுவா!"

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

மாலையில் கிளப்பின் பெரிய திரையில் படம் ஓடியது. உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது.

முதல் நாலு செகண்டில், துள்ளும் கொடுவாவைத் தன் தூண்டிலிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள் ரோண்டா. அவள் முதுகுக்குப் பின்னால் பதுங்கியிருந்தான் ட்ரெவர்.

ஒலியும் துளிகூடக் குறையவில்லை.

"அட, பயப்படாம பிடி ட்ரெவர். கடிக்காது!"