கமாண்டர் கண்டுபிடித்த பாதை

“இந்த மரத்துக்கிட்டயும் கொஞ்ச நேரம் நின்னிருக்கீங்க போல கமாண்டர்,” என்றாள் பல் டாக்டரின் மனைவி. கைப்பேசி வரைபடத்தில் ஓடிய சிவப்புக் கோடு அந்த இடத்தில் சிறு முடிச்சாகியிருந்தது.

“மரங்களோட மௌனமா பேசறது என் வழக்கம் மேடம். அவசரப்படறவனுக்குக் காடு கதவைத் திறக்காது.” கமாண்டர் தொப்பியைக் கழற்றி மரத்துக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

பல் டாக்டர் மரத்தோடு பேசும் நிலையில் இல்லை. முள்கம்பி வேலிக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்து, சாக்கடைக் குழாய்க்குள் தவழ்ந்து வந்ததில் முழங்கால் தோல் போயிருந்தது. முதுகில் கூடாரம், பாத்திரம், நாய் பிஸ்கட் மூட்டை.

எல்லாம் அவர்கள் நாய் பஞ்சுவுக்காக. வீட்டுக்குப் பக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போய்த் தங்கிவர எத்தனையோ மலைப்பாதைகள். எதன் வாசலிலும் ‘நாய்களுக்கு அனுமதியில்லை’ என்று பலகை. பஞ்சுவை விட்டுவிட்டு வர மனைவி சம்மதிக்கவில்லை; டாக்டரை வேண்டுமானால் விட்டுவிட்டு வந்திருப்பாள்.

அப்படித் தேடிச் சலித்தபோதுதான் ‘நாயோடு நடப்போம்’ என்ற கமாண்டரின் இணையப் பக்கம் கண்ணில் பட்டது. அவர் எந்தப் படைக்குக் கமாண்டர் என்று யாரும் கேட்டதில்லை, மீசை கேட்கவிடாது. அவருடைய நாயின் பெயர் ஜெனரல்.

கமாண்டர் தானே நடந்து வரைபடத்தில் பதிந்ததாகச் சொன்ன இந்தப் பாதைக்குத்தான் அந்தப் பக்கத்தில் முதலிடம். “சாகசமான ஏற்றம். முடிவில் மயிலிறகு மிதப்பதுபோல் நேராகச் சாலைக்கே ஓர் இறக்கம். நாய்க்குத் துளிச் சிரமமில்லை.” கூடவே வந்தால்தான் ஆயிற்று என்று மனைவி பிடித்த பிடியில், கமாண்டர் இன்று மறுக்க வழியில்லாமல் ஜெனரலோடு வந்திருந்தார்.

மரத்தைத் தாண்டி வளைந்ததும் பாதை என்று சொல்ல எதுவும் இல்லை. பாறையின் இடுப்பில் புத்தக அலமாரித் தட்டு அகலத்துக்கு ஒரு விளிம்பு. இடப்பக்கம் வெறும் ஆகாயம். வெகு கீழே சாலையில் லாரிகள் தீப்பெட்டிகளாக நகர்ந்தன.

“இதுலயா?” டாக்டர் ஓரடி பின்வாங்கினார்.

“ஒண்ணுமில்ல டாக்டர். ரெண்டே எட்டு. தெரியவே தெரியாது.”

கையில் பல் பிடுங்கும் குறட்டை மறைத்துக்கொண்டு டாக்டர் தினமும் நோயாளிகளிடம் சொல்வது இதே வசனம், இதே குரல். அதன் விலை என்ன என்று அவருக்குத் தெரியும்.

பாறையை அணைத்தபடி பக்கவாட்டில் நகர்ந்தார்கள். பஞ்சுவை மனைவி மார்போடு கட்டியிருந்தாள். கடைசியாக வந்த டாக்டர் காலைத் தூக்கியதும், அதுவரை அவரைத் தாங்கிய விளிம்பு பெயர்ந்து விழுந்தது. அது தரையைத் தொட்ட சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று. திரும்பிப் போகும் வழி அத்தோடு முடிந்தது.

விளிம்பு ஒரு சிறிய மேடையில் போய் நின்றது. நாலு பேர் உட்காரலாம். ஐந்தாவது ஆள் யோசிக்க வேண்டும். மூன்று பக்கமும் செங்குத்து. ஜெனரல் அங்கே போனதும் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்து, வாலைக் காலிடுக்கில் செருகி முனகியது.

“இங்கேர்ந்துதான் அந்த மயிலிறகு இறக்கம்,” மனைவி வரைபடத்தைப் பார்த்தாள். “கோடு நேரா ரோட்டுக்குப் போகுது. எங்கங்க எறங்கணும்?”

கமாண்டரின் மீசை நுனியில் வேர்வை தொங்கியது.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

“வியூகம் யோசிக்கிறேன் மேடம்.”

காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. டாக்டர் நாலு காலில் தவழ்ந்து நடுவுக்கு வந்தார். “சிக்னல் இருக்குடி. யாரையாவது கூப்பிடு!”

“கூப்பிடறதா? ஐயோ, வேண்டாம் டாக்டர், என் பேர் என்ன ஆகறது? என் இணையப் பக்கத்துல எத்தனை ஆயிரம் பேர் இருக்காங்க தெரியுமா?”

“நாளைக்குப் பேப்பர்ல என் பேரும் வரும்யா! கட்டம் கட்டி வரும்!” டாக்டர் கத்தினார்.

மனைவி பஞ்சுவைக் கணவர் மடியில் வைத்துவிட்டுக் கமாண்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். “பயப்படாம சொல்லுங்க. போன தடவை நீங்க எப்படி எறங்கினீங்க?”

கமாண்டரின் தோள்கள் சரிந்தன. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது அவர் எந்த அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய ஒரு மனிதர்.

“நான் ஏறவே இல்லம்மா. எனக்கு மாடிப்படின்னாலே தலை சுத்தும். வரைபடத்துல கோடு போடற மிஷின் இந்த ஜெனரல் கழுத்துப் பட்டையில இருந்துது. கயிறை அத்துக்கிட்டு ஓடிட்டான். நான் கீழ ரோட்டுல, கார்லதான் இருந்தேன்.”

டாக்டர் பஞ்சுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மனைவிதான் முதலில் மூச்சு விட்டாள்.

“சரி, போகட்டும். நாய் எறங்கியிருக்கு இல்ல? அது எறங்கின மாதிரியே நாமளும் மெதுவா எறங்கிடலாம். ஏங்க, எழுந்திருங்க. ஜெனரல் முன்னாடி போகட்டும், நாம பின்னாடியே போவோம்.”

டாக்டர் உயிர் வந்தவராகத் தலையை நிமிர்த்தினார்.

கமாண்டர் மெல்ல இருமினார்.

“இவனைத் தீயணைப்புக்காரங்க கயித்துல கட்டி எறக்கினாங்க மேடம்.”