பச்சைக் கோட்டு

"வாங்க வந்தவங்களையே வேண்டாம்னு சொல்லி அனுப்பறதுக்கா உன்னை இங்க நிறுத்தி வெச்சிருக்கு?"

சூப்பர்வைசர் அக்காவின் குரல் துணிக்கடையின் இரண்டாம் மாடி முழுக்கக் கேட்டது. சட்டைப் பிரிவில் நின்ற இரண்டு பேர் மடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அந்தம்மாவுக்கு அந்தப் பச்சைக் கோட்டு தோள்ல சரியா உட்காரலைக்கா" என்றாள் அவள்.

"உட்காரலைன்னா நிக்கட்டுமே! கண்ணாடியைப் பார்த்து அந்தம்மா சிரிச்சாங்களா இல்லையா? சிரிச்சா உடனே பில் போட வேண்டியதுதானே!"

அவள் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சரியான துணிப் பைத்தியம். பஸ்ஸில் முன்னால் நின்றவரின் காலரைத் திருப்பி உள்தையலைப் பார்க்கப் போய், அடி வாங்காத குறையாகத் தப்பித்த கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள். எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்வாள். பச்சைக் கோட்டு என்று வந்தால் மட்டும் பிடிவாதம் தலைக்கேறிவிடும். போட்டுப் பார்ப்பவர்களை உட்காரச் சொல்வாள், குனியச் சொல்வாள், கையைத் தூக்கச் சொல்வாள். அவர்களும் டிரில் வகுப்பு மாதிரி எல்லாம் செய்து பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அக்கா குரலைத் தணித்தாள். "இதோ பாரு. யாரோ புதுசா வரைஞ்சு அனுப்பின டிசைனாம். சோதனைக்குன்னு பத்து பீஸ் தைச்சு நம்ம கடையில மட்டும் வெச்சிருக்காங்க. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கெடு. ஒண்ணே ஒண்ணு போனாலும் அடுத்த சீசனுக்கு எடுத்துக்குவாங்க. போகலைன்னா டிசைனுக்கும் டாட்டா, அதை விக்கத் தெரியாத உனக்கும் டாட்டா. மேனேஜர் சொல்லிட்டார்."

"சரிக்கா."

"எந்த மகராசன் வரைஞ்சானோ! ஃபேன் காத்துல உட்கார்ந்து கோடு இழுத்தா ஆச்சா? போட்டுக்கறவளுக்கு ரெண்டு கை இருக்குன்னே தெரியலை அவனுக்கு."

"சுத்த முட்டாள்க்கா" என்றாள் அவள், சிரிக்காமல்.

"முட்டாளோ மேதாவியோ, எனக்கு ஒண்ணு வித்துக் குடு. போதும்."

ஐந்தரை மணிக்கு ஒரு பெண்மணி வந்தார். நேராகப் பச்சைக் கோட்டுகளிடம் போனார், ஒன்றை எடுத்தார், போட்டுக்கொண்டார். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு மேடம்!" அக்கா எங்கிருந்தோ பறந்து வந்தாள்.

"எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்குப் புது ஸ்கூல்ல சேர்றேன், அதுக்குத்தான். இதையே போடுங்க."

அக்கா கண்ணாலேயே அவளை மிரட்டினாள். அவள் கோட்டை வாங்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"மேடம், டீச்சரா நீங்க?"

"ஆமா, கணக்கு டீச்சர்."

"ஒரு நிமிஷம்... போர்டுல மேல எழுதற மாதிரி கையைத் தூக்குங்களேன்."

டீச்சர் கையைத் தூக்கினார். கை சேரும் இடத்தில் துணி பிடித்து இழுக்க, கோட்டு மொத்தமும் விலா வரைக்கும் ஏறிக்கொண்டது. கையை இறக்கிய பிறகும் அது கீழே வர மனசில்லாமல் அங்கேயே நின்றது. டீச்சர் இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"அதனால என்ன? நான் போர்டுல கீழேயே எழுதிக்கறேன். கலர் அவ்வளவு பிடிச்சிருக்கு, குடும்மா."

அக்காவுக்குப் போன உயிர் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தைந்து. இதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், பேசாமல் பில் போட்டால் போதும். அவள் கண் லேசாகக் கலங்கக்கூடச் செய்தது.

"வேண்டாம் மேடம்" என்றாள். "நாள் முழுக்க இழுத்து விட்டுக்கிட்டே இருப்பீங்க. பசங்க கணக்கைப் பார்க்க மாட்டாங்க, உங்க கோட்டைத்தான் பார்ப்பாங்க. முதல் நாளே பட்டப்பேர் வெச்சுடுவாங்க. அந்தச் சாம்பல் நிறத்தைப் போட்டுப் பாருங்க, கை தாராளமா இருக்கும்."

டீச்சர் அரைமனசோடு போட்டுப் பார்த்தார். கையைத் தூக்கினார், வீசினார், காற்றிலேயே ஒரு பெருக்கல் கணக்குப் போட்டார். முழுமனசோடு சாம்பல் நிறக் கோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆறு மணிக்கு ஹெட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "ஒண்ணுகூடப் போகலை சார்... ஆமா சார், நிறுத்திடலாம்... சரி சார், வரைஞ்சவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க."

ரிசீவரை வைத்துவிட்டு அக்கா திரும்பினாள். அவள் பத்துக் கோட்டுகளையும் மடித்து மடித்து அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை.

"இப்பவே கூப்பிட்டுச் சொல்லப்போறாராம். பாவம், யாரு பெத்த புள்ளையோ! கைக்கு வந்ததைத் தட்டிவிட்டு, அவன் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே. அப்படி என்னடி பகை உனக்கு அவன் மேல?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க சார்... என் கோட்டை நிறுத்தறீங்க, அதானே? தெரியும் சார், பெட்டியில அடுக்கறதே நான்தான். கையை அகலப்படுத்தி வேற வரைஞ்சு வெச்சிருக்கேன், நாளைக்குக் காலையில கொண்டு வரட்டுமா?"