சாயம் பூசாத ரயில்

பட்டறையில் இருந்தவர்கள் மூவர்: தச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவருடைய மருமகள்.

“ரயிலுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சா எடுப்பா இருக்கும் ஐயா.”

“பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேணாம். எதைக் கொடுத்தாலும் வாய்க்குத்தான் போகும். தேன்மெழுகு மட்டும் தடவு. சக்கரம் கழன்று தொண்டையில சிக்கக் கூடாது.”

“பிளாஸ்டிக்ல ரெடியா கிடைக்குமே மாமா,” என்றாள் மருமகள்.

“நம்ம வீட்டு ஆள் பிளாஸ்டிக்கைச் சப்பிக்கிட்டு இருக்கிறதா? என் உயிர் இருக்கிறவரை நடக்காதும்மா.”

தச்சர் மருமகளைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல சேதிதானா ஐயா?”

தலைமையாசிரியர் விறைப்பாக நின்றார். வீட்டு விஷயத்தை வெளியில் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று மாலைக்குள் தெருவே பேசியது.

அப்படி ஒன்றுமில்லை. அந்த ரயில் தலைமையாசிரியரின் அப்பாவுக்கு; காலமெல்லாம் ரயில் ஓட்டிவிட்டு, இப்போது தன் பெயரையே மறந்துபோனவருக்கு.