மணமேடையில் ஒரு கழித்தல்குறி

"கேன்சல் ஆயிருச்சு!"

மணமேடையில் உட்கார்ந்திருந்தவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மேளம் நின்றது.

பின்னால் நின்ற அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ன கண்ணு சொல்ற?"

அவள் காதில் விழவில்லை.

இரண்டு வருடமாக அவளுடைய ஆராய்ச்சியில் பிரபஞ்சம் பிறந்த உடனே செத்துக்கொண்டிருந்தது.

பிறந்த கணத்தில் அது ஊதிப் பெருக வேண்டும். அதற்கு, பந்து வைத்தால் உருள்வதே தெரியாத ஒரு மெல்லிய சரிவு அவள் சமன்பாட்டில் வேண்டும். துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி உண்டு என்கிற சூப்பர்சிமெட்ரியை அவள் நம்பினாள். ஆனால் அந்தச் சமச்சீர் உடையும்போதெல்லாம் சமன்பாட்டுக்குள் பெரிய எண் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். சரிவு செங்குத்தாகிவிடும். வீக்கம் அரைகுறையாக நின்றுபோகும்.

விண்மீன் இல்லை. மண் இல்லை. கோபிசெட்டிபாளையம் இல்லை.

இப்போது, ஓமப்புகைக்கு நடுவே, தேவையில்லை என்று தள்ளிவைத்திருந்த இன்னொரு எண் நினைவுக்கு வந்தது.

அதே அளவு. முன்னால் ஒரு கழித்தல்குறி.

இரண்டும் அடிபட்டுப்போயின. செங்குத்தாக நின்றது மெல்லப் படுத்துக்கொண்டது.

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. நிமிர்ந்தால், மண்டபமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

பக்கத்தில் பொன்னரசு. கால்நடை மருத்துவன். நிச்சயத்துக்குப் பிறகு ஓரிரு தடவை போனில் பேசியிருக்கிறாள், அவ்வளவுதான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"எதுங்க கேன்சல்? கல்யாணமுங்களா?"

"ஐயோ, இல்லீங்க! கணக்கு. ரெண்டு வருசமா வராத கணக்கு."

அவன் மூச்சு விட்டான். கொஞ்சம் யோசித்தான்.

"சாயந்தரம் வரைக்கும் ஞாபகம் இருக்குமுங்களா?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

போட்டோக்காரரிடம் கைநீட்டிப் பேனா வாங்கினான். அதை அவளிடம் கொடுத்துவிட்டு, தன் இடது உள்ளங்கையை விரித்தான்.

"எழுதுங்க."

எழுதினாள். மணிக்கட்டு தாண்டியும் போனது. புரோகிதர் எட்டிப் பார்த்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்கச் சீவாளியை வாயில் வைத்துக்கொண்டார்.

கெட்டிமேளம்.

பொன்னரசு தாலியை விரல்நுனிகளால் மட்டுமே பிடித்தான். வியர்வையில் ஒரு குறிகூட அழிந்துவிடாதபடி, உள்ளங்கையை விரித்தே வைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி முடிச்சுப் போட்டான்.

அட்சதை விழுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கணக்கை அல்ல.