பண்ணை மூடியிருந்த நாற்பது நாள்

1950-இல் பெரியம்மை பரவியபோது, பூதப்பாண்டிக்குப் பக்கத்திலிருந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணையைத் தற்காலிகமாக மூடினார்கள். காவலுக்குப் பொன்னுலிங்கத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் ஊருக்குப் போனார்கள்.

நாற்பது நாள் கழித்து அதிகாரி திரும்பினார்.

"தனியா இருந்து தவிச்சுப் போயிருப்பியே?"

"இல்ல சார். அம்மை கண்ட ஏழு வீட்டுலேருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டாவ. சொந்தக்காரனே எட்டிப் பாக்காத வீடு. நாந்தான் பக்கத்துல இருந்து வேப்பிலையால வீசினேன், கஞ்சி குடுத்தேன். அதுல ஒரு வீட்டுல அழகியநாயகியம்மா, 'போயிராதேயும் அண்ணாச்சி'ன்னு கையப் பிடிச்சு அழுதாவ. அவ்வொ மவளுக்கும் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. இனி ஊருல யாருக்கும் இல்ல."

"அப்போ இனி உனக்கு நிம்மதிதான்!"



மறுவாரம் பண்ணை திறந்தது. காலையில் அழகியநாயகி மகளோடு வரப்பில் வந்தாள்.

"மக்கா, சொகமாயிட்டியா?" என்றான் வாசலில் நின்ற பொன்னுலிங்கம்.

சிறுமி சிரித்தபடி அவனிடம் ஓடப் பார்த்தாள். தாய் சட்டென்று முந்தானையால் அவள் கண்களை மூடினாள்.

"காலம்பறயே அந்த மூஞ்சியிலயா முழிக்கணும்? நடட்டி!"

சிறுவயதில் வந்த பெரியம்மை அவன் ஒரு கண்ணைப் பறித்து, முகமெல்லாம் குழியாக்கியிருந்தது. ஒருமுறை வந்தவனுக்கு மறுபடி வராது என்பதால்தான் ஊர் அவனை அழைத்திருந்தது.

"உள்ள வாப்பா" என்றார் அதிகாரி.

"வயலுக்குப் போறவங்க எல்லாம் போவட்டும் சார்" என்று பொன்னுலிங்கம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

முந்தானைக்குக் கீழே தெரிந்த சிறுமியின் கன்னத்திலும் அதே குழிகள், புதிதாக.