கொள்ளு மேல் ஏறிய சைக்கிள்

"எறங்கு! எறங்கு கீழ! யாரக் கேட்டு எங் கொள்ளு மேல சைக்கிள ஏத்துன?"

விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றாள் நஞ்சம்மாள்.

சந்திரமோகன் பிரேக்கைப் பிடித்து நிற்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பின்னால் வந்த அவன் மனைவி பிரியதர்ஷினி, காலை ஊன்றி எப்படியோ விழாமல் தப்பித்தாள்.

இருவருக்கும் ஓசூரில் கம்பெனி வேலை. லீவு கிடைத்தால் போதும், ஆள் அரவமில்லாத ரோடாகப் பார்த்து சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். இன்றைக்குப் பிரியதர்ஷினியின் பிறந்தநாள். காவிரியில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. மெயின் ரோட்டில் பஸ்ஸும் வேனும் பறக்கிறதே என்று, ஏரியூர்ப் பக்கம் வந்து காட்டோரமாகப் போகும் இந்த ரோட்டைப் பிடித்திருந்தார்கள்.

அடேயப்பா, என்ன ரோடு! ஒரு பக்கம் காடு, மறுபக்கம் அறுத்துப்போட்ட நிலம், நடுவில் இவர்கள் மட்டும். ரோட்டில் நின்ற மயில்கூட சைக்கிள் பக்கத்தில் வந்த பிறகுதான் பதறிப் பறந்தது.

"பார்த்தியா பிரியா, நாம வர்றது அதுக்கே தெரியல!" என்று அப்போது பூரித்துப் போனான் சந்திரமோகன்.

இப்போது அந்தப் பூரிப்பெல்லாம் போயே போச்சு.

"ஏங்க, வண்டி ஏறி மிதிக்கணும்னுதானே கொள்ளுச்செடியை ரோட்டுல பரப்பி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான் அவளிடம்.

"ஆமா. அதுக்கு?"

"இப்பத்தான் எதிர்ல ஒரு மினி பஸ் உங்ககிட்ட நின்னு பேசிட்டு, இது மேல ஏறித்தானே வந்துச்சு?"

"அது எங்க ஊரு பஸ்ஸு. ஏறலாம்."

"சைக்கிள் ஏறக் கூடாதா?"

"கூடாது. உன் டயரு பல்லு பல்லா இருக்குது. எங் கொள்ளெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டே போயிடும்."

பிரியதர்ஷினி குனிந்து டயரைப் பார்த்தாள். ஒரே ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது.

"சரிம்மா, காசு குடுத்துடறேன். வழிய விடுங்க. பொழுது சாயறதுக்குள்ள நாங்க ஆத்துக்குப் போகணும்."

"உங் காசு யாருக்கு வேணும்? செதறுனதக் கூட்டிக் குடுத்துட்டுப் போ!"

விளக்குமாற்றை அவன் கையில் திணித்துவிட்டு, இரண்டு சைக்கிளையும் ஓரமாகச் சாய்த்து, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள்.

வேறு வழி? கூட்டினான்.

"ரோட்டையே களமாக்கிட்டு நமக்குச் சட்டம் பேசுது பாரு. போலீஸ்ல சொன்னாத் தெரியும்" என்று முணுமுணுத்தான்.

அவளுக்குப் பாம்புக் காது. "சொல்லு, வரச் சொல்லு. அதுவரைக்கும் கூட்டு."

கூட்டி முடித்ததும் வந்து பார்த்தாள். "ஐயய்யோ, மண்ணு கலந்துடுச்சே! இந்தா பொண்ணு, பொடச்சுக் குடு."

பிரியதர்ஷினி பிறந்ததிலிருந்து முறத்தைத் தொட்டவள் இல்லை. தூசியெல்லாம் அவள் முகத்திலேயே கொட்டியது. வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போச்சுங்க. இனிமே எங்க சூரியனைப் பார்க்கிறது? மனுஷியா இவங்க?"

அப்போது நஞ்சம்மாளின் செல் அடித்தது.

"ம்... எல்லாருமா? சின்னதும் எறங்கிடுச்சா? சரி சரி."

எழுந்து வந்து முறத்தை வாங்கிக்கொண்டாள். குரலே மாறிவிட்டிருந்தது.

"போதும் கண்ணு. போயிட்டு வாங்க சாமி. குடிக்கத் தண்ணி ஊத்திட்டு வரட்டுங்களா?"

"நீங்க விட்டதே போதும்மா" என்று கும்பிடு போட்டுவிட்டு சைக்கிளை மிதித்தான் சந்திரமோகன்.

வளைவு திரும்பியதும் ஒரு ஆள் மொபெட்டை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தான். மாது என்று பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே பெயர் எழுதியிருந்தது. வாயில் விரலை வைத்து, கீழே கையைக் காட்டினான்.

ரோட்டில் மூங்கில் முறிந்து கிடந்தது. பக்கத்தில் யானை லத்தி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

கீழே காவிரி. பாதி முங்கிய சூரியன். அந்தச் செந்தண்ணீரில் ஒரு யானைக் கூட்டமே இறங்கி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு குட்டி, தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, துதிக்கையை மட்டும் மேலே தூக்கியபடி.

பிரியதர்ஷினி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பையிலிருந்த செல்போன் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

கடைசி யானையும் கரையேறிய பிறகுதான் மாது வாயைத் திறந்தான்.

"நஞ்சம்மாக்கா உங்கள நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தினாங்களா! கொள்ளு மேல ஏறிட்டோம்னு ஒரே சண்டை."

"கொள்ளுக்கு என்னங்க? இந்த வளைவுலதான் அத்தனையும் நின்னுச்சு. பஸ்ஸு ஹாரனைக் கேட்டு ஒதுங்கி வழி விட்டுடுச்சுங்க. சைக்கிளுக்குத்தான் சத்தமே கிடையாதே. கிட்டப் போற வரைக்கும் அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

சந்திரமோகன் முறிந்து கிடந்த மூங்கிலைத் திரும்பிப் பார்த்தான். "யானைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னா நிப்பீங்களா? போன வாரம் வந்தவங்ககிட்ட சொன்னாங்க. செல்லைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடுனாங்க. சண்டைன்னாத்தாங்க நிக்கறீங்க."

பிரியதர்ஷினி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இன்னும் கொள்ளுத் தூசி இருந்தது.

"இந்த வழியா வர்ற எல்லார்கிட்டயும் இப்படித்தான் சண்டை போடுவாங்களா?"

"இல்லைங்க. சைக்கிள்ல வர்றவங்ககிட்ட மட்டுந்தான்."

மாது மொபெட்டை ஓரமாகத் தள்ளி வழி விட்டான்.

"அவங்க வூட்டுக்காரரு கடைசியா அன்னிக்கு சந்தையிலிருந்து இதே வளைவுல சைக்கிள்லதாங்க வந்தாரு."