சுகந்தியின் ஓட்டு

பெரிய திட்டம் எதுவானாலும், அதைக் கொண்டுவரும் அதிகாரி ஓராண்டு குடும்பத்தோடு அந்த ஊரிலேயே குடியிருந்த பிறகுதான் கிராம சபையில் அனுமதி கேட்க முடியும். அதற்குள் அவர்களும் ஊர்க்காரர்கள் ஆகிவிடுவதால் ஓட்டும் உண்டு. அப்படித்தான் சரக்கு விமான நிலையத்துக்காகப் பொறியாளர் ஜெகதீசன், மனைவி சுகந்தியையும் மகளையும் கூட்டிக்கொண்டு செங்காட்டூருக்குக் குடிவந்தான்.

சபை கூடிய அன்று, ஏரியைத் தூர்த்து ஓடுபாதை போடுவதைப் பற்றி நிதானமாக விளக்கினான். ஆதரவும் எதிர்ப்பும் சரிசமமாக நின்றன. பிறகு எதிர்ப்பவர்கள் பக்கம் இன்னொரு கை உயர்ந்தது. அது சுகந்தியின் கை.

வீட்டுக்கு வந்ததும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"திட்டம் இல்லன்னா நம்மள வேற ஊருக்கு மாத்திடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அது வந்திருந்தா பத்து வருஷம் இங்கயே இருந்திருக்கலாம். உனக்குத்தான் இந்த ஊரு ரொம்பப் பிடிச்சிருக்கே."

"பிடிச்சதாலதாங்க," என்றாள்.

அவன் அடுப்படிக்குப் போய் இருவருக்கும் டீ போட்டான்.

சில நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பவுனம்மா ஏரிக்கரையில் பறித்த கீரையோடு வந்தாள்.

"மழை வந்து தண்ணி ஏறட்டும், பாப்பாவுக்கு நானே நீச்சல் கத்துத் தரேன்."

"சரிக்கா," என்று சுகந்தி கீரையை வாங்கிக்கொண்டாள். கூடத்தில் கட்டி வைத்திருந்த பெட்டிகள் பவுனம்மாவின் கண்ணில் படாதபடி வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.